முதலில் ஒரு ஜோடி

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஒரு பழமொழி உண்டு. எல்லோருக்கும் பொருந்தும் பழமொழிதான். ஆனால் ஆம்பூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். காலை நம்பியே பிழைக்கும் ஊராயிற்றே!

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாகத் தோல் ஊர்கள். டேனரிகள் தோலைப் பதனிடும், ஷூ கம்பெனிகள் அதைத் தைக்கும், பெட்டிகள் கப்பல் ஏறும். விடிகாலையில் கம்பெனி பஸ்கள் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றி வரும். 2019ல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. ஆனாலும் வெளியூரில் யாராவது கேட்டால் "வேலூர் பக்கம்" என்று சொல்கிறவர்கள்தான் இன்றும் அதிகம்.

அந்த ஆம்பூரில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் இருந்தவர். வெளியே வந்து நான்கு தையல் மிஷின் போட்டார். கீழே கடை, மேலே தையல். செருப்பு, ஷூ, கூடவே பெல்ட். கொரோனா காலத்தில் கடைக்கு ஆள் வராமல் போனபோது இணையத்தில் விற்க ஆரம்பித்தார். அந்த இணையக் கடையைப் பார்த்துக்கொள்வது அவருடைய அக்கா மகன். வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். சனிக்கிழமை ஆனால் ஆம்பூருக்கு பஸ் ஏறிவிடுவான். சம்பளம் கிடையாது. பஸ் காசும், பிரியாணியும் உண்டு!

இந்தக் கட்டுரை அவனைப் பற்றியது. அதைவிட, அவன் தன் மாமாவிடம் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைப் பற்றியது.

2024 தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய் இரவு, பையன் விடுதியில் உட்கார்ந்துகொண்டு தளத்தின் தள்ளுபடி மென்பொருளை அப்டேட் செய்தான். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரையில் சிவப்புப் புள்ளி காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு பட்டன்தான். அழுத்தினான். பச்சை டிக் வந்தது. முன்பக்கத்தைத் திறந்து பார்த்தான், படங்கள் எல்லாம் சரியாகத் தெரிந்தன. படுத்துவிட்டான்.

காலையில் பார்த்தால் 37 ஆர்டர்! ஒரே இரவில் அத்தனை வந்ததே இல்லை. மாமாவுக்கு போன் போட்டுச் சந்தோஷமாகச் சொன்னான். மாமா பில்லைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டார்.

"இன்னாடா மாப்ள, ஆயிரத்து ஐந்நூறு ரூபா ஷூ தொள்ளாயிரத்து அறுபதுக்குப் போயிருக்கு?"

தீபாவளித் தள்ளுபடி 20 சதவீதம். 1,500 ரூபாய் ஷூ 1,200 ரூபாய்க்குப் போக வேண்டும். ஆனால் புதிய பதிப்பு பழைய தள்ளுபடி விதியையும் வைத்துக்கொண்டு, புதிதாக ஒன்றையும் போட்டுக்கொண்டு, இரண்டு முறை கழித்துவிட்டது. ஜோடிக்கு 240 ரூபாய் நஷ்டம். 37 ஜோடிக்கு ஒன்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய கம்பெனிக்கு இது டீச் செலவு. நான்கு மிஷின் கடைக்கு அது பண்டிகை.

"கேன்சல் பண்ணிடலாம் மாமா. தப்பா வந்த விலைன்னு மெயில் போட்டா போதும்" என்றான் பையன்.

"அதெல்லாம் வேணாம். நம்ம போர்டுல போட்ட வில நம்ம வில. அனுப்பிடு" என்றார் மாமா.

மேலே தைக்கும் இரண்டு பெண்களுக்கும் போனஸ் குறையவில்லை. மாமா மட்டும் அந்தத் தீபாவளிக்குச் சட்டை எடுக்கவில்லை. "போன வருஷத்துதே புதுசாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டார். பையனுக்கு அந்தச் சட்டையைப் பார்க்கவே முடியவில்லை.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாமா திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாம்பிள் போட்டியா?"

பையனுக்குப் புரியவில்லை. மாமா அவனை மேலே கூட்டிப்போய் விளக்கினார். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஷூ கேட்டால், நேராகப் பத்தாயிரம் ஜோடிக்குத் தோல் வெட்டிவிட மாட்டார்கள். முதலில் ஒரே சைஸில் ஒரு சாம்பிள் ஜோடி. ஆண்கள் ஷூ என்றால் பெரும்பாலும் 42, பெண்களுக்கு 37. அது சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு சைஸ் செட். அதாவது, அதே ஷூவை எல்லா அளவிலும் தைத்துப் பார்ப்பது. 42ல் அழகாக உட்காரும் வார், 39ல் கணுக்கால் எலும்பில் போய் இடிக்கும். பேட்டர்னைச் சிறிதாக்கும்போதுதான் இந்தத் தப்பெல்லாம் வெளியே வரும். பிறகு பைலட் ரன். இருபது முப்பது ஜோடியை, சாம்பிள் பிரிவின் கைதேர்ந்த ஆட்களை வைத்து அல்லாமல், நிஜமான லைனில், நிஜமான தொழிலாளர்களை வைத்துத் தைப்பது. அதிலும் தேறினால்தான் முழு ஆர்டர். ஒப்புக்கொண்ட சாம்பிளில் சீல் வைத்துத் தனியாக மாட்டி வைப்பார்கள். நடுவில் சந்தேகம் வந்தால் எது சரி என்று பார்க்க அதுதான் சாட்சி.

"ஏன்னா, தோல வெட்டிட்டா வெட்டினதுதான். திரும்ப ஒட்டாது" என்றார் மாமா.

சட்டம் ஒரே நாளில் மாறுவதும் இந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தை ஒரு காலத்தில் போடுவார்கள். 1989ல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு உள்ளே போகாது. பிறகு 1990களில் சில வகை அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. இந்தியத் தோல் ஏற்றுமதிக்கே பெரிய அடி. அதற்குப் பிறகு சோதனைச்சாலைச் சீட்டு இல்லாமல் பெட்டி கட்டுவதில்லை என்ற பழக்கம் வந்தது. சென்னை அடையாறில் 1948லிருந்து இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயர் மாமாவின் பேச்சில் அடிக்கடி வரும். சரக்கு கிளம்பும் முன் ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பு. இதுதான் அவர் பிழைத்த முறை.

ஆக, மருமகன் கணினியில் படித்துக்கொண்டிருந்த பாடத்தை மாமா தோலில் ஏற்கெனவே படித்து முடித்திருந்தார்!

"சின்னக் கடைதானே, பெரிய கம்பெனிக்கு இப்படி ஆகுமா?" என்று கேட்பீர்கள். ஆகும். ஆகியிருக்கிறது.

இங்கிலாந்தின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 2014 பிப்ரவரியில் தன் இணையக் கடையை முழுவதுமாக மாற்றியது. அதுவரை அமேசானின் தளத்தில் ஓடிக்கொண்டிருந்ததைச் சொந்தத் தளத்துக்குக் கொண்டுபோனார்கள். செலவு 15 கோடி பவுண்டு. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது, தேடியது கிடைக்கவில்லை என்ற குறையும் வந்தது. அடுத்து வந்த காலாண்டில் இணைய விற்பனை 8.1 சதவீதம் விழுந்தது.

அதே 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. ரீப்பிரைசர் எக்ஸ்பிரஸ் என்று வட அயர்லாந்து மென்பொருள் ஒன்று. அமேசானில் விற்கும் சின்ன வியாபாரிகளின் விலையைத் தானாகவே ஏற்றி இறக்கும் வேலை அதற்கு. அன்று மாலை 7 மணியிலிருந்து 8 மணி வரை, பிரிட்டனில் ஏராளமான பொருட்களின் விலையை அது ஒரு பென்னி என்று மாற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் சமயம் வேறு. பெரும்பாலான ஆர்டர்களை அமேசான் ரத்து செய்தாலும் சில பெட்டிகள் அதற்குள் கிளம்பிவிட்டன. குடும்பமாகக் கடை நடத்தியவர்கள் எப்படித் தவித்திருப்பார்கள் என்று 37 ஜோடி அனுப்பியவனுக்குத் தெரியும்.

நம் நாட்டிலும் உண்டு. 2014 அக்டோபர் 6ல் ஃப்ளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியது. வந்த கூட்டத்தைத் தளம் தாங்கவில்லை. பக்கம் திறக்கவில்லை, ஆர்டர்கள் ரத்தாயின. மறுநாள் நிறுவனர்கள் சச்சின் பன்சாலும் பின்னி பன்சாலும் வாடிக்கையாளர்களிடம் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள்.

மூன்றிலும் ஒரு ஒற்றுமை உண்டு. எல்லாம் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது. அதனால் சறுக்கலும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போய்ச் சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பையனுக்கு உண்மையான பரீட்சை 2025 செப்டம்பரில் வந்தது.

காலணிக்கான ஜி.எஸ்.டி. ஒரு தனிக் கதை. 2017 ஜூலை 1ல் தொடங்கியபோது 500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2018 ஜூலை 27லிருந்து அந்த எல்லை 1,000 ரூபாய் ஆனது. 2022 ஜனவரி 1ல் எல்லை அப்படியே இருக்க, 5 என்பது 12 ஆனது. 2025 செப்டம்பர் 3ல் ஜி.எஸ்.டி. மன்றம் கூடி, ஜோடிக்கு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 என்று முடிவு செய்தது. செப்டம்பர் 22, திங்கட்கிழமை முதல் அமல்.

கையில் இருந்தது பத்தொன்பது நாள்!

இதில் என்ன கஷ்டம், ஒரு எண்ணை மாற்ற வேண்டியதுதானே என்கிறீர்களா? பையனும் முதலில் அப்படித்தான் நினைத்தான். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தான். வரியில்லாமல் 1,200 ரூபாய் ஆகும் செருப்பு பழைய கணக்கில் 1,416 ரூபாய். புதிய கணக்கில் 1,260. தளம் தப்பாகப் பழைய வரியையே வாங்கினால் வாடிக்கையாளருக்கு 156 ரூபாய் ஏமாற்றம். தப்பு எதிர்ப்பக்கம் நடந்து, 2,600 ரூபாய் ஷூவுக்கு 5 சதவீதம் மட்டும் வாங்கினால், விட்டுப்போன 338 ரூபாயைக் கடைதான் கையிலிருந்து கட்ட வேண்டும். போன தீபாவளி போல 37 ஜோடி என்றால்? அவன் அந்தப் பெருக்கலைச் செய்யவில்லை.

இந்த முறை நேராகத் தளத்தில் கை வைக்கவில்லை. முதலில் தளத்தை அப்படியே நகல் எடுத்து, வெளியாட்கள் பார்க்க முடியாத தனி முகவரியில் வைத்தான். ஸ்டேஜிங் என்பார்கள். மாமாவுக்கு அது 'சாம்பிள் ரூம்'.

அங்கேயும் ஒரு சறுக்கல். சோதனைக்காக ஒரு ஆர்டர் போட்டதும், நகலில் இருந்த நிஜ வாடிக்கையாளர் ஒருவருக்கு "உங்கள் ஷூ கிளம்பிவிட்டது" என்று குறுஞ்செய்தி போய்விட்டது. அவர் கடைக்கு போன் செய்து, "நான் எதுவும் வாங்கலையேங்க" என்றார். நல்லவேளை, சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றே நகலில் இருந்த எல்லாப் பெயர், போன், மின்னஞ்சலையும் அழித்துப் பொய்யான விவரங்களைப் போட்டான். செய்தி அனுப்பும் வசதியை நிறுத்தினான். பணம் வாங்கும் பகுதியைச் சோதனை முறைக்கு மாற்றினான். நகல் எடுத்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். நிறையப் பேர் மறப்பதும் இதைத்தான்.

அடுத்தது சைஸ் செட். ஒரு செருப்பை வாங்கிப் பார்த்து "சரியாக வருகிறது" என்று சொன்னால் அது 42ஆம் சைஸை மட்டும் பார்த்த மாதிரி. ஓரங்களில்தான் தப்பு ஒளிந்திருக்கும். மாமாவும் அவனுமாக ஒரு நோட்டில் எழுதினார்கள். தளம் என்ன சொல்ல வேண்டும் என்பதை முதலில் கால்குலேட்டரில் போட்டு எழுதி வைத்தார்கள். பிறகுதான் கணினியைப் பார்த்தார்கள். (இந்த வரிசை முக்கியம். விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்!)

1. 900 ரூபாய் செருப்பு: 945 வர வேண்டும்.
2. சரியாக 2,500 ரூபாய் ஷூ: 2,625 வர வேண்டும்.
3. 2,501 ரூபாய் ஷூ: 2,951 ரூபாய் 18 காசு. ஒரு ரூபாய் கூடினால் வாங்குகிறவருக்கு 326 ரூபாய் கூடுகிறது!
4. 2,600 ரூபாய் ஷூவுக்கு 10 சதவீதத் தள்ளுபடி: விலை 2,340 ஆகிவிடுவதால் வரி 5 சதவீதம். மொத்தம் 2,457. தள்ளுபடி இல்லாவிட்டால் 3,068.
5. 1,300 ரூபாய் செருப்பு இரண்டு ஜோடி: கூட்டினால் 2,600. ஆனால் எல்லை ஜோடிக்குத்தான், கூடைக்கு இல்லை. எனவே 5 சதவீதம், 2,730 ரூபாய்.
6. ஒரு செருப்பும் ஒரு பெல்ட்டும்: பெல்ட்டுக்கு ஜோடி கிடையாது. காலணி விதி அதைத் தொடக் கூடாது.

நான்காவதும் ஐந்தாவதும் முதல் தடவையில் தேறவில்லை. தள்ளுபடிக்கு முந்தைய விலையைப் பார்த்து வரி போட்டது தளம். இரண்டு ஜோடி வாங்கினால் மொத்தத்தைப் பார்த்தது. நகலில் நடந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. உட்கார்ந்து திருத்தினான்.

ஆனால் பட்டியலில் இல்லாத ஒன்று தானாக வந்து மாட்டியது. வரியோடு சேர்த்து 2,799 ரூபாய் என்று போட்டிருந்த நான்கு மாடல்கள். கூடையில் 5 சதவீதம் என்று காட்டியது, பில்லில் 18 என்று வந்தது. மூன்று மணி நேரம் நிரலைத் துருவினான். தப்பு தெரியவில்லை. கடைசியில் மாமாதான் காகிதத்தில் போட்டுப் பார்த்தார்.

2,799க்குள் 18 சதவீத வரி இருக்கிறது என்று வைத்தால், ஷூவின் விலை 2,372 ரூபாய். அது 2,500க்குள் இருக்கிறதே, அப்படியானால் வரி 5தான். சரி, 5 சதவீதம் இருக்கிறது என்று வைத்தால், ஷூவின் விலை 2,665 ரூபாய். அது 2,500ஐத் தாண்டிவிட்டதே, அப்படியானால் வரி 18! எந்தப் பக்கம் போனாலும் மறு பக்கம் தள்ளுகிறது. வரியோடு சேர்த்து 2,625க்கு மேல் 2,950 வரை எந்த விலை போட்டாலும் இதே கதிதான். அந்த இடைவெளியில் ஒரு ஷூவுக்குச் சரியான விலையே இருக்க முடியாது.

"இது உன் கம்ப்யூட்டர் தப்பில்லடா. வில போட்ட என் தப்பு" என்றார் மாமா. வரியில்லாத விலையை முதலில் முடிவு செய்து, அதன் மேல் வரி போடுவது என்று தீர்மானித்தார்கள். அந்த நான்கு மாடலுக்கும் 2,370 ரூபாய். வரியோடு 2,488 ரூபாய் 50 காசு. சோதிக்காமல் போயிருந்தால், கூடையில் ஒரு தொகையும் பில்லில் ஒரு தொகையுமாக வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும்.

மென்பொருள் ஆட்கள் புதிய மாற்றத்தை முதலில் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் திறந்துவிட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கேனரி என்று பெயர். நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயு இருக்கிறதா என்று பார்க்கக் கேனரிப் பறவையைக் கொண்டுபோவார்கள், பிரிட்டனில் 1986 வரை இந்த வழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த பெயர். நூறில் ஐந்து பேருக்குப் புதியது, மற்றவர்களுக்குப் பழையது. தப்பு வந்தால் ஐந்து பேரோடு நிற்கும்.

ஆனால் வரியை அப்படிச் செய்ய முடியுமா? ஐந்து பேருக்குப் புதிய வரி, மற்றவர்களுக்குப் பழைய வரி என்று விற்றால் அது சட்டவிரோதம். நள்ளிரவு 12 மணிக்கு எல்லோருக்கும் மாறியாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஏதாவது உடைந்தால் பழைய பதிப்புக்குத் திரும்புவதுதான் வழக்கமான பாதுகாப்பு. இங்கே பழைய பதிப்பு என்றால் பழைய வரி. திரும்பவும் முடியாது! தரவுத்தளத்தின் பழைய நகலைத் தூக்கி வைத்தாலோ, இடையில் வந்த ஆர்டர்கள் எல்லாம் காணாமல் போய்விடும்.

பையன் இரண்டு நாள் இதிலேயே மண்டையை உடைத்துக்கொண்டான். மாமா டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல மாறுது, சரி. கடைய ஒரே நேரத்துல முழுசா தொறக்கணும்னு எவன் சொன்னான்? சந்தேகமா இருந்தா ஷட்டர எறக்கிடு."

அதுதான் விடை. வரியைத் துண்டு துண்டாக மாற்ற முடியாது. கடையைத் துண்டு துண்டாகத் திறக்கலாம். பாதுகாப்பான பழைய நிலை என்பது பழைய பதிப்பு இல்லை, 'கடை மூடியிருக்கிறது' என்ற பலகை.

புதிய நிரலை ஒரு வாரம் முன்பே தளத்தில் ஏற்றினான், ஆனால் தூங்கும் நிலையில். தேதி 22 ஆகும்வரை அது எதையும் தொடாது. நகலில் மட்டும் தேதியை முன்னே தள்ளி, விழித்துக்கொள்கிறதா என்று பலமுறை பார்த்தான். புதிதாக ஏற்றுவது வேறு, அதை இயக்குவது வேறு. இரண்டையும் ஒரே நிமிடத்தில் செய்தால், தப்பு எதில் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தளத்தின் தோற்றத்தை மாற்ற ஒரு புது வடிவமைப்பும் கையில் தயாராக இருந்தது. ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சேர்க்கவில்லை. ஒரு சமயத்தில் ஒரு மாற்றம்.

நடுவில் மாட்டும் ஆர்டர்கள் இன்னொரு கவலை. பணம் 21ஆம் தேதி வந்து, பில்லும் சரக்கும் 22க்குப் பிறகு போனால் புதிய வரிதான் கணக்கு. அப்படியானால் முன்பே கூடுதலாகக் கட்டியவருக்கு மீதியைத் திருப்பித் தர வேண்டும். இதற்கு நிரல் எழுதுவதைவிட, அப்படி ஒரு ஆர்டரே இல்லாமல் செய்வது சுலபம். சனிக்கிழமை மாலைக்குள் கையில் இருந்த எல்லாவற்றுக்கும் பில் போட்டு கூரியரில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தளத்தில் ஒரே வரி: "திங்கட்கிழமை முதல் புதிய, குறைந்த விலையில் சந்திப்போம்." ஒரு நாள் வியாபாரம் போனது உண்மை. ஆனால் மறுநாள் வரி குறையும் என்று தெரிந்தபின் ஞாயிற்றுக்கிழமை யார் ஷூ வாங்கப் போகிறார்கள்?

ஞாயிறு இரவு. கீழே கடை மூடியாகிவிட்டது. மேலே தையல் மிஷின்களுக்கு நடுவில் ஒரு மடிக்கணினி, ஒரு கால்குலேட்டர், அந்த நோட்டு. 12 மணிக்கு நிரல் தானாக விழித்தது. தளம் வெளியாட்களுக்கு இன்னும் மூடித்தான் இருந்தது. கடைக்காரர் கணக்கில் நுழைந்தவர்களுக்கு மட்டும் திறந்தது.

"மொத ஜோடி நான் வாங்கறேன்" என்றார் மாமா. சோதனைப் பணம் இல்லை, நிஜப் பணம். தன் போனை எடுத்து, தன் கடையில், தன் செருப்பைத் தானே வாங்கினார். 1,260 ரூபாய் கழிந்தது. பில்லும் 1,260. பையன் மூச்சு விட்டான்.

"இரு இரு" என்றார் மாமா. "உள்ள 1,260ன்னு எடுத்துச்சு. ஆனா செருப்புப் படத்துக்குக் கீழ 1,416ன்னு இருந்துதே?"

பக்கங்கள் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காகத் தளம் அவற்றின் பழைய நகலைச் சேமித்து வைத்துக் காட்டும். கேஷ் என்பார்கள். கூடைக்குப் புதிய விலை தெரிந்திருந்தது, படத்துக்குக் கீழே பழைய நகல் நின்றுகொண்டிருந்தது. ஸ்டேஜிங்கில் இந்தச் சேமிப்பு வசதியை அவன் அணைத்து வைத்திருந்தான். அதனால்தான் அங்கே தெரியவில்லை. சாம்பிள் ரூமும் நிஜ லைனும் ஒன்றில்லை, பைலட் ரன் எதற்கு என்பது அந்த நிமிடம் அவனுக்கு முழுசாகப் புரிந்தது.

சேமிப்பைத் துடைத்தான். மாமா இன்னொரு ஜோடி வாங்கிப் பார்த்தார். சரியாக வந்தது. 12.40க்கு ஐந்தே ஐந்து மாடல்களை மட்டும் எல்லோருக்கும் திறந்தார்கள். விடிவதற்குள் நான்கு ஆர்டர். நான்கு பில்லையும் கையால் கணக்குப் போட்டுச் சரி பார்த்தார் மாமா. காலை ஒன்பது மணிக்கு, கீழே நிஜ ஷட்டரைத் தூக்கும்போது, இணையக் கடையையும் முழுசாகத் திறந்தார்கள். அன்று முழுக்கப் பையன் கல்லூரிக்குப் போகவில்லை. ஒவ்வொரு பில்லாகப் பார்த்துக்கொண்டிருந்தான். திறந்துவிட்டுத் தூங்கப் போவது என்ற பழக்கம் அவனிடம் போய்விட்டது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகள் செய்வதுதான். அவர்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. ஆம்பூர் கடையில் இருந்தது ஒரு நோட்டும், தோலை வெட்டிப் பழகிய ஒரு மனிதரின் பயமும். அந்தப் பயம் கோழைத்தனம் இல்லை. அடுத்தவர் பணம் நம் கையில் இருக்கிறது என்ற நினைப்பு அது. நிரலில் செய்த தப்பை ஒரு பட்டனில் திருப்பிவிடலாம். அந்தத் தப்பில் ஒருவர் கொடுத்த பணத்தையும், அவர் வைத்த நம்பிக்கையையும் திருப்புவதற்குப் பட்டன் கிடையாது. தோல் மாதிரிதான், வெட்டினால் வெட்டியதுதான்.

அந்த நோட்டு இப்போது மாமாவின் மேஜைக்கு மேலே, சீல் வைத்த பழைய சாம்பிள் ஷூக்களுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வரி மறுபடி மாறும். மாறாமல் இருந்த வழக்கம்தான் இல்லையே! அன்றைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் தேட வேண்டியதில்லை.

2025 தீபாவளி அக்டோபர் 20ல் வந்தது. மாமா புதுச் சட்டை எடுத்தார். மருமகனுக்கும் ஒன்று எடுத்தார். கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்: "மொதல்ல போட்டுப் பாரு. சரியா இருந்தா அப்புறம் லேபிளக் கிழி."